மலையேறும் காய்ச்சல்: நீலகிரிக் குடியிருப்புகளுக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நீலகிரிக்குப் புதிதாக மாற்றலாகி வந்திருக்கும் கிராம சுகாதார செவிலியர், அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் பணியேற்றிருக்கும் ஆசிரியர், தொண்டு நிறுவனத்தில் சேர்ந்திருக்கும் இளைஞர் ஆகியோரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். ஃப்ளூ காய்ச்சல் பரவும் மாதங்களில் காட்டோரக் குடியிருப்புகளுக்குப் போகும் பொறுப்பு உங்களிடம் வந்து சேரும். எதை முதலில் செய்வது, எதைச் செய்யாமல் இருப்பது என்று முன்கூட்டியே தெளிவாக இருந்தால் சில உயிர்களாவது மிஞ்சும்.

மலைக்குள் இருக்கும் ஊரில் ஃப்ளூ தானாக முளைப்பதில்லை. யாராவது ஒருவர் மூச்சில் சுமந்துகொண்டு ஏற வேண்டும். வயநாட்டுக்கு வேலைக்குப் போய்த் திரும்பியவராக இருக்கலாம்; விடுதியிலிருந்து விடுமுறைக்கு வந்த பிள்ளையாக இருக்கலாம்; முகாம் நடத்த வந்த நாமாகவும் இருக்கலாம். தொலைவு அந்த ஊருக்கு இரண்டு வேலைகளைச் செய்கிறது. காய்ச்சல் வந்து சேர்வதைத் தாமதப்படுத்துகிறது. வந்த பிறகு மருந்து வந்து சேர்வதையும் தாமதப்படுத்துகிறது. முதல் தாமதத்தை நீட்டிப்பதும் இரண்டாவதைக் குறைப்பதும்தான் நம் வேலை. கீழே சொல்லியிருப்பவை எல்லாம் இந்த இரண்டுக்குள் அடங்கும்.

1918-ல் உலகைச் சுற்றிய இன்ஃப்ளூயன்சாவில் கனடாவின் லாப்ரடார் கரையில் இருந்த ஒக்காக் என்ற இனூயிட் ஊர் ஏறக்குறைய அழிந்தே போனது. 263 பேரில் 204 பேர் இறந்தார்கள். அவர்களுக்குப் பொருள் கொண்டுவரும் மிஷன் கப்பலோடுதான் நோயும் கரையிறங்கியது. அதே ஆண்டு நவம்பரில் ஆக்லாந்திலிருந்து வந்த கப்பலை மேற்குச் சமோவாவில் தடையின்றி உள்ளே விட்டார்கள். மக்களில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் மாண்டனர். பக்கத்தில் இருந்த அமெரிக்கச் சமோவாவில் வந்த கப்பல்களைத் தடுத்து நிறுத்தினார்கள்; அங்கே ஒருவர்கூட அந்தக் காய்ச்சலுக்குப் பலியாகவில்லை. இரண்டு இடங்களிலும் வாழ்ந்தவர்கள் ஒரே இனத்து மக்கள். மருந்து எங்குமே இல்லாத காலம் அது.

நூறாண்டு கழித்தும் நிலைமை முழுதாக மாறிவிடவில்லை. 2009 பன்றிக்காய்ச்சலின்போது அமெரிக்காவின் 12 மாநிலங்களில் எடுத்த கணக்கில், அங்குள்ள பூர்வகுடிகள் மற்றவர்களைப் போல நான்கு மடங்கு விகிதத்தில் இறந்திருந்தார்கள். நாட்பட்ட நோய்கள், வறுமை, தாமதமாகக் கிடைக்கும் சிகிச்சை ஆகியவை அதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள். இவற்றில் ஒவ்வொன்றும் நம் மலையிலும் இருக்கிறது.

யார் யார், எங்கே

தமிழ்நாட்டில் மிகவும் நலிவுற்ற பழங்குடிகள் என்று அரசு வகைப்படுத்தியிருக்கும் ஆறு சமூகங்களும் நீலகிரியில் வாழ்கின்றன: தோடர், கோத்தர், இருளர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர். ஆறு பேரையும் ஒன்றாகப் பார்ப்பது புதியவர்கள் செய்யும் முதல் பிழை. உதகை மேட்டுநிலத்தில் இருக்கும் தோடர் மந்துக்கு, அதாவது அவர்கள் குடியிருப்புக்கு, ஜீப் போய்விடும். அங்கே குளிரும் முதுமையும்தான் கவலை. கூடலூர், பந்தலூர் பக்கம் பணியர் எஸ்டேட்டுகளில் தினக்கூலிக்குப் போகிறவர்கள்; நெருக்கமான வீடுகளும், ஒரு நாள் படுத்தால் அடுப்பெரியாத நிலையும் அங்கே சிக்கல். முதுமலைக்குள் காட்டுநாயக்கர் குடியிருப்புகளுக்கு வனத்துறை அனுமதியும் யானை நடமாட்டமும் பார்த்துத்தான் போக முடியும். மாயாற்றுக்கு அப்பால் இருக்கும் தெங்குமரஹடா, கல்லம்பாளையம் பக்கம் ஆற்றில் வெள்ளம் வந்தால் வழியே அடைபட்டுவிடும். பழனி மலையில் தாண்டிக்குடி, பன்றிமலைச் சரிவுகளில் இருக்கும் பளியர் குடியிருப்புகளுக்கும் இங்கே சொல்வது பொருந்தும். பாதைகளும் பெயர்களும்தான் வேறு.

இன்னொன்று, மிக முக்கியமானது: இரத்த அணுக்கள் அரிவாள்போல் வளையும் பரம்பரை நோயான அரிவாள் செல் இரத்தசோகை. இந்தியாவில் இதன் மரபணு முதன்முதலில் பதிவானதே நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான், 1952-ல். இருளர், குறும்பர், பணியர் குடும்பங்களில் இது இன்றும் இருக்கிறது. இந்த நோய் உள்ளவருக்கு ஃப்ளூ வந்தால் சாதாரணச் சளிக்காய்ச்சலாக நினைத்துவிடக்கூடாது. உடலில் நீர் வற்றுவதும், குளிரும், காய்ச்சலும், ஆக்சிஜன் குறைவதும் இரத்த அணுக்களை வளைத்து அடைப்பை உண்டாக்கும். நுரையீரலில் அடைத்தால் உயிருக்கே ஆபத்து. அரிவாள் செல் நோயாளிக்குக் காய்ச்சல் 101 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் வீட்டில் வைத்துப் பார்க்கும் பேச்சே வேண்டாம். நேராக மருத்துவமனைதான்.

மழைக்கு முன் முடிக்க வேண்டியவை

நம் நாட்டில் ஃப்ளூ ஆண்டுக்கு இருமுறை தலைதூக்குகிறது: மழைக்காலத்தையும் அதன் பின்மாதங்களையும் ஒட்டி ஒருமுறை, ஜனவரி முதல் மார்ச் வரை ஒருமுறை. நீலகிரியில் ஏப்ரல், மே சீசன் கூட்டமும் சேர்ந்துகொள்கிறது. ஆகவே முன்னேற்பாட்டுக்கு ஏற்ற நேரம் தென்மேற்குப் பருவமழைக்கு முந்தைய வாரங்கள்.

முதல் வேலை, குடியிருப்பு வாரியாக ஒரு நோட்டு. ஊர் மூப்பரோடும் ஆஷா பணியாளரோடும் உட்கார்ந்து எழுதுங்கள். கர்ப்பிணிகள், 5 வயதுக்குட்பட்டவர்கள், அதிலும் 2 வயது நிரம்பாதவர்கள், முதியவர்கள், ஆஸ்துமா, காசநோய், சர்க்கரை, இதயநோய் உள்ளவர்கள், அரிவாள் செல் நோயாளிகள் ஆகியோர் எந்த வீட்டில் இருக்கிறார்கள் என்று தெரிய வேண்டும். அந்த நோட்டை யாரிடமும் காட்டாதீர்கள். அரிவாள் செல் இருப்பது வெளியே தெரிந்தால் பெண்ணுக்கு மாப்பிள்ளை வருவது நின்றுபோகலாம்.

அதே நோட்டில் வேறு சில விவரங்களும் வேண்டும். செல்போனுக்கு டவர் எந்த மேட்டில், எந்தப் பாறையில் கிடைக்கிறது? ஜீப் யாரிடம் இருக்கிறது, இரவில் கூப்பிட்டால் வருவாரா? மழையில் எந்த ஓடை வழியை மறிக்கும்? ஜீப் வராத இடத்திலிருந்து நோயாளியைத் தூக்கிவர யார் நான்கு பேர்? ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரின் எண் எது? இந்தக் கேள்விகளுக்கு விடை தேடுவதை நோயாளி மூச்சுத்திணறும் இரவுக்கு ஒத்திவைத்தால் விடை கிடைப்பதற்குள் விடிந்துவிடும்.

அடுத்தது தடுப்பூசி. ஃப்ளூ தடுப்பூசியை ஆண்டுதோறும் போட வேண்டும்; போட்ட பிறகு பாதுகாப்பு உருவாக ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். குழந்தைகளுக்கான இலவசத் தடுப்பூசி அட்டவணையில் இது இல்லை. எனவே எல்லோருக்கும் கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. கிடைப்பது குறைவு என்றால் நோட்டில் இருக்கும் ஆபத்து மிகுந்தவர்களுக்கும், குடியிருப்புக்கு அடிக்கடி போய்வரும் உங்களுக்கும் முதலில் போடச் சொல்லிக் கேளுங்கள். போய்வருகிறவர் போட்டுக்கொள்வது தன்னலம் ஆகாது. ஏறுகிற காய்ச்சலுக்கு அது ஒரு தடுப்பு.

குளிர்பதனப் பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. தடுப்பூசி 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வரைதான் தாங்கும். சமவெளியில் சூடேறிவிடுமோ என்று பயப்படுவோம். உதகையின் உறைபனி இரவில் உறைந்துவிடுமோ என்று பயப்பட வேண்டும். உறைந்த ஃப்ளூ தடுப்பூசி பயனற்றது. உறைபெட்டியிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை உடனே மருந்தோடு வைக்காதீர்கள். வெளியே சிறிது நேரம் வைத்து, காதருகே குலுக்கிப் பாருங்கள். உள்ளே தண்ணீர் சலசலக்கும் சத்தம் கேட்டபின் வைத்தால் போதும்.

போகலாமா, வேண்டாமா

காய்ச்சல் பரவுகிறது என்ற செய்தி வந்ததும் கிளம்பத் துடிப்பது இயல்பு. சற்றுப் பொறுங்கள். ஃப்ளூ தொற்றியவருக்கு அறிகுறி தெரிய 1 முதல் 4 நாட்கள் ஆகும். அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பே அவர் மற்றவர்களுக்குப் பரப்பத் தொடங்கிவிடுவார். அதாவது, நன்றாக இருக்கிறேன் என்று நீங்கள் சொல்வதில் பொய் இருக்காது. ஆனாலும் நோயைச் சுமந்துகொண்டிருக்கலாம்.

எனவே என் வழக்கம் இது. குழுவில் யாருக்காவது, அல்லது அவர் வீட்டில் யாருக்காவது சளி, இருமல், காய்ச்சல், தொண்டைவலி இருந்தால் அவர் வரக்கூடாது. கோவை, சென்னை, பெங்களூருவிலிருந்து பஸ்ஸிலோ ரயிலிலோ வந்தவர் முழுதாக 4 நாள் கீழேயே தங்கி, உடல் நன்றாக இருந்தால் மட்டும் வரலாம். இரண்டு பேர் போதும் என்ற இடத்துக்கு எட்டுப் பேர் போகக்கூடாது. படம் எடுக்க, பார்வையிட, உடன் வந்து பார்க்க ஆசைப்படுகிறவர்களை அன்பாகத் திருப்பி அனுப்புங்கள். பொறுப்பில் இருக்கும் பெரியவராக இருந்தாலும் சரி. தொலைபேசியில் முடியும் வேலைக்கு நடந்து போகாதீர்கள். ஒரே நாளில் மூன்று குடியிருப்புகளைச் சுற்றிவரும் திட்டம் அறிக்கைக்கு அழகாக இருக்கும். முதல் ஊரின் காய்ச்சலை மூன்றாம் ஊருக்குக் கொண்டுசெல்லவும் அதுவே நல்ல வழி. காய்ச்சல் இல்லாத ஊருக்கு முதலிலும், இருக்கும் ஊருக்குக் கடைசியிலும் போங்கள்.

போவதற்கு முன் மூப்பருக்கோ ஊர்த்தலைவருக்கோ சொல்லி அனுப்புங்கள். அவர் "இப்போது வேண்டாம்" என்றால் அது தடை என்று முகம் சுளிக்காதீர்கள். ஊரைக் காப்பது யார் வேலை என்று அவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

வாசலில்

முகக்கவசம் அணியுங்கள். பையில் சோப்பு எடுத்துப் போங்கள். ஓடும் தண்ணீரில் இருபது விநாடி தேய்த்துக் கழுவினால் ஃப்ளூ கிருமி அழிந்துவிடும். கதவுப்பிடி, தம்ளர், செல்போன் போன்ற கடினமான பரப்புகளில் அது ஒரு நாளுக்கு மேலும் உயிரோடு இருக்கக்கூடியது.

கூட்டம் கூட்டிப் பேசுவதைத் தவிருங்கள். பேச வேண்டியதைத் திறந்த வெளியில், காற்று ஓடும் இடத்தில் பேசுங்கள். மழைக்குளிரில் வீட்டுக்குள் அடுப்பைச் சுற்றி உட்கார அழைப்பார்கள். புகை அடர்ந்த சின்ன அறையில் பத்து பேர் மூச்சு கலப்பதுதான் ஃப்ளூவுக்கு வேண்டிய இடம். மறுப்பது வருத்தமாகத்தான் இருக்கும். காரணத்தை மறைக்காமல் சொன்னால் யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. "பாட்டி, நான் வந்த பஸ்ஸில் நாலு பேர் இருமிக்கொண்டே வந்தார்கள். அது என்னிடம் ஒட்டியிருந்தால் உங்கள் பேரக்குழந்தைக்கு வரக்கூடாது. திண்ணையிலேயே உட்காருகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். தேநீர் திண்ணைக்கு வரும். வாங்கிக்கொண்டு சற்றுத் தள்ளிப்போய் முகக்கவசத்தை இறக்கிக் குடியுங்கள்; தம்ளரை நீங்களே சோப்புப் போட்டுக் கழுவிக் கொடுங்கள்.

தோடர் மந்துகளிலும் கோத்தர் ஊர்களிலும் கோயிலை ஒட்டிய இடங்களுக்கு வெளியார் போகக்கூடாத எல்லைகள் உண்டு. முகாமுக்கு மேசை போடும் இடத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே போடுங்கள்.

செய்தியை யார் சொல்வது என்பதும் முக்கியம். சுவரொட்டி ஒட்டிவிட்டு வந்தால் வேலை முடிந்ததாக நினைக்காதீர்கள். அந்தந்தச் சமூகத்துப் பெண்களில் பேச்சில் உறுதியுள்ள ஒருவர், அவர்கள் மொழியில், செல்போனில் பதிவுசெய்த ஒரு நிமிடக் குரல் வீட்டுக்கு வீடு போகும். "பன்றிக்காய்ச்சல்" என்ற பெயரைத் தவிர்த்துவிடுங்கள். பெயரைக் கேட்டே நோயாளியை ஒதுக்கும் இடங்கள் இருக்கின்றன.

நோயாளியைப் பார்க்கும்போது

எல்லாக் காய்ச்சலும் ஃப்ளூ ஆகாது. திடீரென ஏறும் காய்ச்சல், உடல்வலி, தலைவலி, வறட்டு இருமல், தொண்டைவலி சேர்ந்து வந்து, அதே வாரம் பக்கத்து வீடுகளிலும் இருந்தால் ஃப்ளூவாக இருக்க வாய்ப்பு அதிகம். இருமலே இல்லாத காய்ச்சல் என்றால் வேறு பக்கமும் யோசியுங்கள். உடலில் கருகிய புண் போன்ற தழும்பு இருந்தால் உண்ணிக் காய்ச்சல், ஆகவே அக்குள், இடுப்பு மடிப்புகளிலும் பார்க்கச் சொல்லுங்கள். காட்டில் குரங்குகள் இறந்து கிடந்ததாகப் பேச்சிருந்தால் குரங்குக் காய்ச்சல். அதன் கிருமி முதுமலைப் பக்கம் குரங்குகளில் முன்பே கண்டறியப்பட்டிருக்கிறது. எலிக்காய்ச்சல், டெங்குவும் உண்டு. பெயர் வைப்பது மருத்துவர் வேலை. நீங்கள் பார்த்ததைச் சரியாகச் சொன்னால் போதும்.

குழந்தைகளின் மூச்சை எண்ணக் கற்றுக்கொள்ளுங்கள். கருவி எதுவும் தேவையில்லாத, உயிர்காக்கும் பரிசோதனை இது. குழந்தையைத் தாய் மடியிலேயே விடுங்கள். அழுதுகொண்டிருந்தால் எண்ணாதீர்கள், அடங்கும்வரை காத்திருங்கள். சட்டையை மெல்ல உயர்த்தி, வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்து, செல்போன் கடிகாரத்தில் முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். அரை நிமிடம் எண்ணி இரட்டிப்பாக்கக்கூடாது, குழந்தையின் மூச்சு சீராக இருக்காது. 2 மாதம் நிரம்பாத குழந்தைக்கு நிமிடத்துக்கு 60, ஒரு வயதுக்குள் 50, ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் 40; இந்த எண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோ அது வேக மூச்சு. மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால் இன்னும் மோசம். இந்த எண்களை அங்கன்வாடிப் பணியாளருக்கும், ஆர்வமுள்ள இளந்தாய்மார்களுக்கும் சொல்லிக்கொடுங்கள். நீங்கள் இல்லாத இரவில் அவர்கள்தான் எண்ண வேண்டும்.

ஆக்சிஜன் அளவைக் காட்டும் விரல்கருவி உங்களிடம் இருந்தால், மலைக்குளிரில் அது ஏமாற்றும் என்பதை நினைவில் வையுங்கள். சில்லிட்ட விரலில் எண் குதிக்கும், அல்லது தாழ்வாகக் காட்டும். இரு கைகளையும் தேய்த்துச் சூடாக்கச் சொல்லி, விரலில் மருதாணியோ நகப்பூச்சோ இல்லாமல், எண் ஒரு நிலைக்கு வந்தபின் குறியுங்கள். கருநிறத் தோலில் இந்தக் கருவி உள்ளதைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டக்கூடும். 94-க்குக் கீழே போனால் கீழிறக்க ஏற்பாடு செய்யுங்கள். எண் நன்றாக இருந்து ஆள் திணறினால் ஆளை நம்புங்கள், கருவியை நம்பாதீர்கள்.

உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டிய அறிகுறிகள்: மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, சளியில் இரத்தம், உதடோ நகமோ நீலம் பாய்தல், எழுப்பினாலும் மயக்கமாகவே இருத்தல், வலிப்பு, குழந்தை பால் குடிக்க மறுத்தல், நாள் முழுதும் சிறுநீர் போகாமை. இவற்றோடு புதியவர்கள் தவறவிடும் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: மூன்று நான்கு நாளில் காய்ச்சல் இறங்கி, எழுந்து நடமாடியவருக்கு மறுபடி காய்ச்சல் ஏறுவது. ஃப்ளூ தளர்த்திய நுரையீரலில் நிமோனியா புகுந்திருக்கலாம்.

ஆபத்து அறிகுறி இல்லாதவருக்குச் செய்ய வேண்டியது எளிது. ஓய்வு, கதகதப்பு, நிறையத் திரவம். அரிசிக் கஞ்சி, சாமைக் கஞ்சி, ராகிக் கூழ் என அவர்கள் வழக்கமாகக் குடிப்பதையே உப்புப் போட்டு அடிக்கடி கொடுக்கச் சொல்லுங்கள். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் போதும். குழந்தைக்கு எடைக்கேற்ற அளவை மருத்துவரிடம் கேட்டுக் கொடுங்கள். ஆஸ்பிரின் குழந்தைகளுக்குக் கூடவே கூடாது. ஆன்டிபயாடிக் மாத்திரையால் ஃப்ளூ குணமாகாது. ஊசி போட்டால்தான் சரியாகும் என்று கேட்பவர்களிடம் பொறுமையாக விளக்குங்கள். இருமலுக்கு அவர்கள் எடுக்கும் மலைத்தேனைப் பெரியவர்கள் தாராளமாகச் சாப்பிடலாம். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு மட்டும் தேன் எந்த வடிவிலும் வேண்டாம். அவர்கள் பச்சிலை வைத்தியத்தோடு மல்லுக்கு நிற்காதீர்கள். "அதையும் குடியுங்கள், இந்த அறிகுறி வந்தால் அன்றைக்கே கீழே போவோம்" என்று பேசி வையுங்கள்.

நாற்பத்தெட்டு மணி நேரம்

ஃப்ளூவுக்கு ஒசல்டமிவிர் என்ற மருந்து இருக்கிறது. அறிகுறி தொடங்கி 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால் அதிகப் பயன். சமவெளியில் இரண்டு நாள் தாராளம். இங்கே கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் நாள் மாலை காய்ச்சல். மறுநாள் பார்க்கலாம் என்று வீட்டில் இருப்பார். மூன்றாம் நாள் காலை யாரோ பாறைமேல் ஏறிப் போன் செய்வார். ஜீப் மதியம் வரும். மருத்துவர் பார்க்கும்போது 48 மணி நேரம் முடிந்திருக்கும்.

இந்தக் கணக்கை மாற்றுவதுதான் உங்களால் ஆகக்கூடிய பெரிய காரியம். அரசு வழிகாட்டுதல் நோயாளிகளை மூன்று வகையாகப் பிரிக்கிறது. லேசான காய்ச்சலும் இருமலும் மட்டும் உள்ளவருக்கு இந்த மருந்தும் வேண்டாம், பரிசோதனையும் வேண்டாம். ஒன்றிரண்டு நாளில் திரும்பப் பார்த்தால் போதும். கடும் காய்ச்சலும் கடும் தொண்டைவலியும் உள்ளவருக்கும், லேசான காய்ச்சலே ஆனாலும் கர்ப்பிணி, முதியவர், சிறுகுழந்தை, நாட்பட்ட நோயாளிகளுக்கும் வீட்டில் தனிமைப்படுத்தி மருந்து தொடங்க வேண்டும். பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்கக்கூடாது. ஆபத்து அறிகுறி உள்ளவரை உடனே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். உங்கள் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் சீசனுக்கு முன்பே பேசி, இரண்டாம் வகையினருக்குத் தொலைபேசியில் கேட்டு அன்றே மருந்து தொடங்க வழி செய்துகொள்ளுங்கள். மருந்து கீழே அலமாரியில் இருப்பதைவிட உங்கள் பையில் இருப்பது மேல். மருத்துவர் சொல்லாமல் கொடுக்காதீர்கள். சொன்னால் 5 நாளும் முழுதாக முடிக்கிறார்களா என்று தினமும் கேளுங்கள்.

கீழிறக்கும் முடிவைப் பகல் மூன்று மணிக்குள் எடுங்கள். இருட்டிய பின் கூடலூர்ப் பாதைகளில் யானை நிற்கும்; தூக்கிவருகிறவர்களின் உயிரும் கணக்கில் சேர வேண்டும். முதுமலை, பந்திப்பூர் வழி இரவு 9 முதல் காலை 6 வரை மூடப்பட்டிருக்கும். ஆம்புலன்ஸை விடுவார்கள், உங்கள் வாடகை ஜீப்பை நிறுத்தலாம். மசினகுடியிலிருந்து உதகைக்குக் கல்லட்டி வழியாக 36 கொண்டை ஊசி வளைவுகள். மூச்சுத்திணறும் நோயாளியைப் படுக்கவிடாமல் சாய்த்து உட்காரவைத்துக் கொண்டுபோங்கள். 108-ஐ அழைக்கும்போது ஊர்ப் பெயரை மட்டும் சொன்னால் போதாது. எந்த வளைவில், எந்தக் கடையருகே சந்திப்பீர்கள் என்று சொல்லுங்கள். கூடலூரில் பழங்குடியினருக்கென்றே ஆதிவாசி மருத்துவமனை இருக்கிறது. அவர்கள் மொழி பேசும் செவிலியர்கள் இருக்கும் இடத்துக்கு நோயாளி தயங்காமல் வருவார்.

கூலியும் அரிசியும்

"தனிமையில் இருங்கள்" என்று சொல்வது எளிது. தொகுப்பு வீட்டில் ஒரே அறையில் ஏழு பேர் படுக்கும்போது யார் எங்கே தனித்திருப்பது? நோயாளியைக் காற்று வரும் சன்னலோரம் படுக்கவைத்து, தலைமாடும் கால்மாடும் மாற்றிப் படுத்து, ஒரே ஆள் மட்டும் கவனித்து, தட்டும் தம்ளரும் தனியாக வைப்பது வரை வீட்டில் முடியும். அதற்கு மேல் வேண்டுமென்றால் சமுதாயக் கூடத்தையோ அங்கன்வாடிக் கட்டடத்தையோ கேட்டு வாங்க வேண்டும். எதைத் திறப்பது என்பதை ஊர் தீர்மானிக்கட்டும். காய்ச்சல் தொடங்கி 5 முதல் 7 நாள் வரை பரவும். குழந்தைகளிடமிருந்து இன்னும் சில நாள் கூட.

ஆனால் கூலி பெரிய கேள்வி. தினக்கூலிப் பெண் ஒருத்தியை ஒரு வாரம் வீட்டில் இருக்கச் சொன்னால் அந்த வாரத்து அரிசி எங்கிருந்து வரும் என்பதற்கும் நீங்கள் விடை வைத்திருக்க வேண்டும். அது இல்லாமல் அறிவுரை மட்டும் சொல்லிவிட்டு வருவது நியாயம் இல்லை. நியாயவிலைக் கடைப் பொருளை முன்கூட்டியே குடியிருப்புக்குக் கொண்டுவர வட்ட வழங்கல் அலுவலகத்தில் கேளுங்கள். எஸ்டேட் நிர்வாகத்திடம் நேரில் பேசுங்கள். நிரந்தரத் தொழிலாளிக்கு நோய்க்காலப் படி கேட்க வழி உண்டு; தற்காலிகக் கூலியாட்கள்தான் எதுவும் இல்லாமல் நிற்பவர்கள், அவர்களுக்காகத்தான் பேச வேண்டும். காய்ச்சலோடு கொழுந்து எடுக்க வரும் ஒருவரால் தொழிலாளர் லைன் வீடுகள் முழுவதும் படுத்தால் நட்டம் எஸ்டேட்டுக்கும்தான் என்பதை மேலாளரிடம் சொன்னால் காதில் ஏறும். பொருள் கொண்டுபோகிறவர்கள் ஊர் முகப்பில் ஓர் இடம் குறித்து இறக்கிவைத்துவிட்டுத் திரும்பட்டும். ஊரார் வந்து எடுத்துக்கொள்வார்கள்.

ஊர் தன்னைச் சாத்திக்கொள்ளும்போது

பக்கத்தில் காய்ச்சல் பரவுகிறது, தங்கள் ஊரில் இன்னும் இல்லை என்றால், வெளியார் வரவைச் சில வாரம் நிறுத்திவைக்க ஊர் விரும்பலாம். நல்ல முடிவு. அதை மதித்து, அது நடக்க உதவுங்கள். விடுதி நடத்துகிறவர்கள், ஜீப் சவாரி ஓட்டுகிறவர்கள், வனத்துறைச் சோதனைச் சாவடி ஆகியோருக்குச் செய்தி போய்ச்சேர வேண்டும். வெளியிலிருந்து நாம் போய்ப் பூட்டுவது மட்டும் கூடாது. அதிகாரத்தால் பூட்டிய ஊரிலிருந்து மக்கள் இரவில் காட்டுவழியாக வெளியேறுவார்கள்; நோயாளியை மறைப்பார்கள்.

திருவிழாக்கள் கடினமான இடம். முத்தநாடு மந்தில் தோடர் கூடும் மொர்பர்த், கோத்தரின் கம்பட்டராயர் விழா ஆகியவை டிசம்பர், ஜனவரியை ஒட்டி வருகின்றன. மசினகுடி அருகே பொக்காபுரம் மாரியம்மன் திருவிழாவுக்குப் பிப்ரவரி, மார்ச்சில் சமவெளியிலிருந்தும் பெருங்கூட்டம் ஏறுகிறது. ஃப்ளூ தலைதூக்கும் மாதங்களும் அவைதான். நிறுத்தச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. காய்ச்சல் உள்ளவர் வராமல் இருக்கலாமா, முதியவர்களைக் கூட்டத்தில் தள்ளி உட்காரவைக்கலாமா, வெளியாருக்கு இந்த ஆண்டு அழைப்பு வேண்டாம் என்று விடலாமா என்று பெரியவர்களிடம் கேட்கலாம். சாவு வீட்டிலும் அப்படியே. தோடர்கள் ஏறத்தாழ இரண்டாயிரம் பேர்தான். ஒருவர் இறந்தால் எல்லா மந்துகளிலிருந்தும் உறவு வரும். வருவதைத் தடுக்க முடியாது. திறந்த வெளியில் இருக்கலாம், இருமுகிறவர்கள் தள்ளி நிற்கலாம், கை கழுவ வெந்நீரும் சோப்பும் வைக்கலாம். அந்தச் சோப்பை வாங்கிப் போய் வைப்பது உங்கள் வேலையாக இருக்கட்டும்.

உண்டு உறைவிடப் பள்ளி

ஆசிரியர்களுக்குத் தனியாக: ஒரு விடுதியில் ஒரே வாரத்தில் மூன்று நான்கு பிள்ளைகளுக்குக் காய்ச்சலும் இருமலும் என்றால் உடனே சுகாதார நிலையத்துக்குத் தெரிவியுங்கள். பயந்துபோய்ப் பிள்ளைகளை எல்லாம் வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். ஒரே மதியத்தில் இருபது குடியிருப்புகளுக்குக் காய்ச்சலை ஏற்றி அனுப்பியதாக ஆகிவிடும். காய்ச்சல் உள்ள பிள்ளைகளைத் தனி அறையில் வைத்துப் பாருங்கள். பெற்றோருக்குப் போனில் தினமும் பேச வையுங்கள். மருந்தின் உதவி இல்லாமல் காய்ச்சல் விட்டு ஒரு நாள் முழுதாகக் கழிந்தபின் வகுப்புக்கு வரலாம். விடுமுறை தொடங்கும் நாளில் காய்ச்சல் இருக்கும் பிள்ளை சில நாள் கழித்துப் போகட்டும். அம்மாவைத் தேடி அழும் குழந்தையை நிறுத்திவைப்பது மனத்துக்குக் கஷ்டம்தான். அந்தக் குழந்தையின் வீட்டில் பாட்டியும் கைக்குழந்தையும் இருக்கிறார்களா என்று நோட்டைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

காய்ச்சல் ஓய்ந்தபின்

கடைசி நோயாளி எழுந்து இரண்டு வாரம் கழித்து ஒருமுறை போய்வாருங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நிற்காதவர்களின் பெயரைக் குறித்து, சளிப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். ஃப்ளூவின் நிழலில் காசநோய் மறைந்திருக்கும். எடை குறைந்த குழந்தைகளை அங்கன்வாடியில் நிறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அரிவாள் செல் நோயாளிகளின் மாத்திரை தீர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். முதல் அறிகுறி தெரிந்த நேரம், போன் வந்த நேரம், ஜீப் கிளம்பிய நேரம், மருந்து தொடங்கிய நேரம் ஆகிய நான்கையும் ஒவ்வொரு நோயாளிக்கும் எதிரே எழுதி, எங்கே அதிக மணி நேரம் போனது என்று மூப்பரோடும் ஆஷாவோடும் உட்கார்ந்து பாருங்கள். டவர் இல்லாததாலா, ஜீப் வாடகைக்குக் காசு இல்லாததாலா, மருத்துவமனைக்குப் போகப் பயந்ததாலா என்று தெரிந்தால் அடுத்த மழைக்கு முன் எதைச் சரிசெய்யக் கேட்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். அந்தக் கோரிக்கையை வட்டார மருத்துவ அலுவலரிடம் எழுத்தில் கொடுத்து, ஒரு நகலை ஊரில் வைத்துவிட்டு வாருங்கள்.